வீட்டு வாசலில் பைக்கின் பின் ஷாக் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்கோடு பக்கம் எங்கள் ஊரில் வண்டி என்றால் அது ஆள் ஏறிப் போவதற்கு மட்டும் இல்லை. தக்காளிப் பெட்டி, பால் கேன், தீவன மூட்டை, மாம்பழ சீசனில் கூடை, எல்லாம் இரண்டு சக்கரத்தில்தான் போகும். அதனால் பின் ஷாக் (குலுக்கலைத் தாங்கும் ஷாக் அப்சார்பர்) சீக்கிரம் தேய்ந்துபோகிறது. பல வருஷமாக என் வண்டிக்கும் பக்கத்து வீட்டு வண்டிகளுக்கும் வாசலில் வைத்தே மாற்றி வருகிறேன். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் வந்து கேட்பவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலைக் கீழே தந்திருக்கிறேன். இதில் பெரும்பகுதி ஸ்பிளெண்டர், பிளாட்டினா, ஷைன், புல்லட், எக்ஸ்எல் மாதிரி இரண்டு பக்கமும் தனித்தனி ஷாக் உள்ள வண்டிகளுக்குத்தான். மற்ற வண்டிகளைப் பற்றிக் கடைசியில் பார்க்கலாம்.

ஷாக் போயிடுச்சா, இல்ல நம்ம ரோடுதான் மோசமா? எப்படிண்ணா கண்டுபிடிக்கிறது?

முதலில் டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். காற்று அதிகமாக இருந்தாலே வண்டி தூக்கித் தூக்கிப் போடும். அது சரியாக இருந்தால், வண்டியை நேராக நிறுத்தி, சீட்டின் பின்பகுதியை இரண்டு கையாலும் நன்றாக அழுத்தி விடுங்கள். நல்ல ஷாக் மேலே வந்து அப்படியே அடங்கும். போன ஷாக், கட்டிலில் குதித்த குழந்தை மாதிரி இரண்டு மூன்று முறை ஆடித்தான் நிற்கும்.

அடுத்து, ஸ்பிரிங்குக்கு நடுவே தெரியும் ராடை விரலால் தொட்டுப் பாருங்கள். ஈரமாக, புழுதி அப்பிக்கொண்டு இருந்தால் ஆயில் சீல் போய்விட்டது. ஆயில் கசியவில்லை, ஆனால் குழியில் இறங்கும்போது ‘டொக்’ என்று சத்தம் மட்டும் வருகிறது என்றால், பெரும்பாலும் ஷாக்கின் மேல் கண்ணிலோ கீழ்க் கண்ணிலோ (ஷாக்கை வண்டியில் மாட்டும் ஓட்டை) உள்ள ரப்பர் புஷ் தேய்ந்திருக்கும். பல வண்டிகளுக்கு அந்தப் புஷ் தனியாகவே கிடைக்கும். ஷாக்கையே மாற்ற வேண்டியதில்லை.

மெக்கானிக் கடையில லிஃப்ட்ல ஏத்தித்தானே செய்யறாங்க? லிஃப்ட் இல்லாம முடியுமா?

முடியும். லிஃப்ட் இருப்பது மெக்கானிக்கின் முதுகு வலிக்காமல் இருக்க. ஷாக்கைக் கழற்றுவதற்கு அது கட்டாயம் இல்லை.

இந்த வேலையில் ஒவ்வொரு நிமிஷமும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இப்போது வண்டியின் பாரத்தை எது தாங்குகிறது? சக்கரம் தரையில் இருக்கும்போது பின்பக்கப் பாரம் முழுவதும் ஷாக் மேல்தான் நிற்கிறது. சென்டர் ஸ்டாண்ட் போட்டுவிட்டால் அந்தப் பாரம் ஸ்டாண்டுக்குப் போய்விடும். பின் சக்கரம் அந்தரத்தில் தொங்கும். அப்போது ஷாக் சுமப்பது சக்கரத்தையும், அதைப் பிரேமோடு இணைத்து மேலும் கீழும் அசையும் ஸ்விங் ஆர்மையும் மட்டும்தான். டயருக்கு அடியில் ஒரு பலகையோ மடித்த சாக்கோ லேசாகத் தொடுகிற மாதிரி கொடுத்துவிட்டால் அந்தச் சுமையும் போய்விடும். போல்ட் கையாலேயே வெளியே வரும்.

ரெண்டு பக்கத்தையும் ஒண்ணா கழட்டிட்டா வேலை சீக்கிரம் முடியுமே?

வேண்டாம். ஒரு பக்கம் கழற்றி, புதியதை மாட்டி, நட்டைப் பிடிக்க வைத்த பிறகுதான் அடுத்த பக்கம் போக வேண்டும். லிஃப்ட் இல்லாதவருக்கு இதுதான் லிஃப்ட். ஒரு பக்கத்து ஷாக் இருக்கும் வரை ஸ்விங் ஆர்ம் அதே உயரத்தில் நிற்கும். அடுத்த பக்கத்து ஓட்டை தானாகவே நேராக இருக்கும்.

இரண்டையும் எடுத்துவிட்டால் சக்கரம் பொத்தென்று இறங்கும். பிரேக் ராடு, டிஸ்க் வண்டியாக இருந்தால் பிரேக் ஹோஸ், எல்லாம் இழுபடும். பிறகு ஒரு கையால் சக்கரத்தைத் தூக்கி, மறு கையால் ஷாக்கைப் பிடித்து, மூன்றாவது கையைத் தேட வேண்டிவரும். அந்த இழுபறியில்தான் வண்டி ஸ்டாண்டை விட்டு விழுகிறது.

என்னென்ன சாமான் வேணும்?

ரிங் ஸ்பேனர் செட், பாக்ஸ் ஸ்பேனர், நீளமான கைப்பிடி ஒன்று, மரச் சுத்தி அல்லது ரப்பர் சுத்தி, கம்பி பிரஷ், துரு விடுவிக்கும் ஸ்பிரே, கொஞ்சம் கிரீஸ். நட்டு சைஸ் வண்டிக்கு வண்டி மாறும். 12, 14, 17 மூன்றும் கையில் இருக்கட்டும். ஓப்பன் ஸ்பேனரை முதல் இழுப்புக்குப் பயன்படுத்தாதீர்கள். இறுகிப்போன நட்டின் முனை மழுங்கிவிட்டால் பத்து நிமிஷ வேலை அரை நாள் வேலையாகும்.

இவற்றோடு அரை அடி அகலப் பலகைகள் இரண்டு, முன் சக்கரத்துக்குக் கொடுக்கச் செங்கல் இரண்டு, பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் பட்டை ஒன்று. முக்கியமாக, வண்டியைப் பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள். தனியாக இருக்கும் நாளில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

எங்க வாசல் மண் தரைங்க. சிமெண்ட் தரை இல்லாம செய்யலாமா?

செய்யலாம், ஆனால் ஸ்டாண்டுக்கு அடியில் கெட்டியாக ஏதாவது வேண்டும். இதில் எனக்கு ஒரு கசப்பான அனுபவம் உண்டு. மழை பெய்த மறுநாள், மேலே காய்ந்த மாதிரி தெரிந்த தரையில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு வேலையைத் தொடங்கினேன். போல்ட்டை இழுத்த வேகத்தில் ஸ்டாண்டின் வலது கால் மண்ணில் இறங்கி வண்டி சாய்ந்தது. பிடிக்க வந்த என் மச்சானின் விரல் ஸ்விங் ஆர்முக்கும் சைலன்சருக்கும் நடுவில் சிக்கி நகம் போய்விட்டது. இன்றைக்கும் அந்த விரலைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

நம் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் கிரானைட் துண்டுக்குப் பஞ்சம் இல்லை. வீடு கட்டிய இடத்தில் மிச்சம் கிடக்கும். இரண்டு அடிக்கு இரண்டு அடி துண்டு ஒன்றைச் சொரசொரப்பான பக்கம் மேலே இருக்கும்படி தரையில் அசையாமல் பதித்து, அதன் மேல் ஸ்டாண்ட் போடுங்கள். பாலிஷ் போட்ட பக்கம் மேலே இருந்தால் ஸ்டாண்ட் வழுக்கும். சரிவான வாசல் என்றால் வேறு இடம் பாருங்கள். ஈரம் இருந்தால் இன்னொரு நாள் பாருங்கள்.

சென்டர் ஸ்டாண்ட் போட்டாலும் பின் சக்கரம் தரையைத் தொடுதே?

ஸ்டாண்ட் தேய்ந்திருக்கும், அல்லது அதன் புஷ் போயிருக்கும். ஸ்டாண்டின் இரண்டு காலும் ஒரே பலகையின் மேல் நிற்கிற மாதிரி ஓர் அங்குலப் பலகையை வைத்து அதன் மேல் ஏற்றுங்கள். சக்கரம் கையால் சுழற்றினால் சுழல வேண்டும். அது சுழலாத வரை ஷாக் இன்னும் பாரத்தில்தான் இருக்கிறது, போல்ட்டைத் தொடாதீர்கள்.

சரி, கழட்டி மாட்டற வரிசையை ஒருமுறை சொல்லிடுங்க.

முதலில் சைலன்சர் நன்றாக ஆறட்டும். கழற்றும் முன் இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாஷர் எந்தப் பக்கம், எது பெரியது எது சிறியது என்பது அரை மணி நேரம் கழித்து யாருக்கும் ஞாபகம் இருக்காது.

வண்டி தரையில் நிற்கும்போதே, ஒருவர் பிடித்துக்கொள்ள, நான்கு நட்டுகளையும் கால் சுற்று மட்டும் இளக்கிவிடுங்கள். இறுகிய நட்டைச் சென்டர் ஸ்டாண்டில் வைத்து இழுத்தால் வண்டி முன்னால் உருண்டு ஸ்டாண்டை விட்டு இறங்கிவிடும். இந்த ஒரு காரியத்தைச் செய்யாமல்தான் பலர் வண்டியைக் கீழே போட்டிருக்கிறார்கள். இளக்கிய பிறகு சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் கொடுத்து, முன் பிரேக் லிவரை டியூப் ரப்பரால் இழுத்துக் கட்டுங்கள். டயருக்கு அடியில் பலகை.

சில வண்டிகளில் பின்பக்கக் கைப்பிடிக் கம்பி ஷாக்கின் மேல் நட்டில்தான் பிடித்திருக்கும். சிலவற்றில் சேலை கார்டு கீழ் போல்ட்டில் இருக்கும். வலது பக்கம் சைலன்சர் மறைத்தால் அதன் பின் போல்ட்டைக் கழற்றிக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளுங்கள், அந்தரத்தில் தொங்கவிடாதீர்கள். பிறகு கீழ் போல்ட்டை எடுங்கள். ஷாக் மேல் ஸ்டட்டில் (பிரேமில் பற்றவைத்த மரை போட்ட கம்பி) தொங்கும். மேல் நட்டையும் வாஷரையும் எடுத்து, மரச் சுத்தியால் உள்ளிருந்து வெளியே லேசாகத் தட்டினால் கழன்றுவிடும்.

வெறும் ஸ்டட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரப்பர் மேல் படாமல் மெல்லியதாகக் கிரீஸ் தடவுங்கள். புதிய ஷாக்கை மேலே முதலில் மாட்டி, பிறகு கீழே. நட்டை முதல் சில சுற்று விரலால்தான் ஏற்ற வேண்டும். ஸ்பேனரில் ஏற்றத் தொடங்கினால் மரை மாறி ஏறினாலும் தெரியாது. இரண்டு பக்கமும் முடிந்ததும் ஸ்டாண்டை எடுத்து, வண்டி தரையில் நிற்கும்போது கடைசி இறுக்கு. எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற அளவு உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். டார்க் ரெஞ்சு இரவல் கிடைத்தால் வாங்கி அந்த அளவுக்கே இறுக்குங்கள்.

போல்ட்டு துருப்பிடிச்சு அசையவே மாட்டேங்குது. கேஸ் வச்சு சூடு காட்டலாமா?

கூடாது. ஷாக்குக்குள் ஆயில் இருக்கிறது, சிலவற்றில் அழுத்தத்தில் நைட்ரஜன் வாயுவும் இருக்கிறது. நெருப்பு காட்டினால் வெடிக்கலாம். ரப்பர் புஷ்ஷும் கருகும், பெட்ரோல் டேங்கும் ரொம்ப தூரத்தில் இல்லை.

முதல் நாள் மாலையே துரு ஸ்பிரேயை அடித்துவிட்டு விடிகாலை வேலையைத் தொடங்குங்கள். இரவில் ஒரு முறை, காலையில் ஒரு முறை அடித்தால் இன்னும் நல்லது. நட்டின் தலையைச் சுத்தியால் சுற்றிலும் மெதுவாகத் தட்டினால் துரு விடும். ஸ்பேனரை ஒரேயடியாக இழுக்காமல், கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் இளக்கி என்று மாற்றி மாற்றி அசையுங்கள். ஸ்டட் முறுக்குகிற மாதிரி, ரப்பர் போல இழுபடுகிற மாதிரி கையில் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அது உடையப் போகிறது. பிரேமில் பற்றவைத்த ஸ்டட் உடைந்தால் பிறகு வெல்டிங், லேத் என்று அலைய வேண்டியதுதான்.

ஒரு பக்கம் மாட்டிட்டேன். அடுத்த பக்கம் ஓட்டை நேரா வரல, என்ன பண்றது?

கொஞ்ச வித்தியாசம் என்றால், டயருக்கு அடியில் உள்ள பலகையை நெம்பி சக்கரத்தைச் சற்றுத் தூக்கினாலோ தாழ்த்தினாலோ போல்ட் நுழைந்துவிடும். இன்னொரு ஆள் தேவைப்படுவது இங்கேதான். ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்க்காதீர்கள், ஸ்குரூ டிரைவரை விட்டுப் பாருங்கள்.

அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உங்களிடம் வந்தது தப்பான ஷாக். அதனால்தான் மாட்டும் முன்பே பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேல் கண்ணின் நடுவிலிருந்து கீழ்க் கண்ணின் நடு வரை டேப்பால் அளக்கச் சொல்கிறேன். கண்ணின் அகலமும் புஷ் ஓட்டையும் ஒன்றாக இருக்க வேண்டும். நீளமான ஷாக் போட்டால் வண்டி கெத்தாகத் தெரியும் என்று சில பையன்கள் போடுகிறார்கள். செயின் தளர்வு மாறும், சைடு ஸ்டாண்டில் வண்டி அதிகமாகச் சாயும், முன்பக்கம் குத்தி நிற்கும். அதை நான் செய்து தர மாட்டேன்.

ஒண்ணுல மட்டும்தான் ஆயில் கசியுது. அதை மட்டும் மாத்தினா போதாதா?

இரண்டையும் மாற்றுங்கள். ஒரு பக்கம் புதியது, ஒரு பக்கம் பழையது என்றால் இரண்டும் வேறு வேறு வேகத்தில் இயங்கும். ஸ்விங் ஆர்ம் முறுக்கிக்கொள்ளும், வளைவில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பணம் இப்போது இல்லை என்றால் ஒரு மாதம் பொறுத்து இரண்டையும் சேர்த்து வாங்குங்கள். அதுவரை லோடு ஏற்றாமல் மெதுவாக ஓட்டுங்கள்.

ரீகண்டிஷன் பண்ணித் தர்றாங்களே, அது வாங்கலாமா?

ராடில் கீறலோ துருப்புள்ளியோ இல்லாமல், சீலும் ஆயிலும் ஒழுங்காக மாற்றியிருந்தால் கொஞ்ச காலம் ஓடும். பிரச்சினை என்னவென்றால், வெளியே பெயின்ட் அடித்துவிட்டால் உள்ளே என்ன செய்தார்கள் என்று நமக்குத் தெரியாது. ராடில் ஒரு சின்னக் கீறல் இருந்தாலும் புதுச் சீலை அது சீக்கிரமே கிழித்துவிடும். தினமும் குடும்பத்தோடு போகிற வண்டிக்குப் புதியதையே வாங்குங்கள். ஷாக் செய்கிற கேப்ரியல் கம்பெனிக்கு நம் ஓசூரிலேயே ஆலை இருக்கிறது. வண்டிக் கம்பெனியின் சொந்த உதிரிபாகமும் சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும். பெட்டியில் பார்ட் நம்பரைப் பார்த்து, பில்லோடு வாங்குங்கள்.

டப்பா வச்ச கேஸ் ஷாக்குக்கு இடது வலது உண்டா?

பக்கத்தில் சின்ன வாயு டப்பா உள்ள ஷாக்குகளில் பலவற்றுக்கு உண்டு. எடுத்த படத்தைப் பார்த்து, டப்பா எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அப்படியே மாட்டுங்கள். மாட்டிய பிறகு டப்பா எதிலும் உரசாமல் இடைவெளி இருக்கிறதா என்று ஒருவரை உட்கார வைத்துப் பாருங்கள். டப்பாவில் உள்ள திருகைத் திறந்து பார்க்க ஆசைப்படாதீர்கள். பழையதை இரும்புக் கடையில் போடும்போது, உள்ளே வாயு இருக்கிறது, சூடு வைத்து வெட்டக் கூடாது என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

நாங்க லோடு அடிக்கிறோம். கடைசிப் பல்லுல வச்சுட்டா ஷாக் கெட்டியாயிடும்ல?

கீழே உள்ள பல் வளையத்தைத் திருப்பினால் ஸ்பிரிங் முன்கூட்டியே கொஞ்சம் அமுங்கும். அதனால் லோடு ஏற்றும்போது வண்டி அவ்வளவாகத் தாழாது. அது மட்டும்தான் நடக்கிறது. ஆட்டத்தை அடக்குவது உள்ளே இருக்கும் ஆயிலின் வேலை, பல்லை மாற்றுவதால் அது அதிகமாகாது. ஆயில் போன ஷாக்கைக் கடைசிப் பல்லில் வைத்தால் இன்னும் அதிகமாகத்தான் துள்ளும்.

தனியாகப் போகும் நாளில் கீழ்ப் பல், மூட்டையோடு போகும் நாளில் மேல் பல். இரண்டு பக்கமும் ஒரே பல்லில் இருக்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டில் வைத்து, வண்டியோடு வந்த சி வடிவ ஸ்பேனரால் திருப்புங்கள். உளி வைத்து அடித்தால் பல் உடையும். எந்தப் பல்லில் வைத்தாலும் தொங்கும் நீளம் மாறாது, அதனால் மாட்டும்போது கீழ்ப் பல்லிலேயே இருக்கட்டும். அப்புறம், வண்டிக்குச் சொன்ன எடைக்கு மேல் ஏற்றினால் எந்த ஷாக்கும் தாங்காது.

எங்க வண்டிக்கு சென்டர் ஸ்டாண்டே இல்ல. பேடாக் ஸ்டாண்ட் ஒண்ணு வாங்கிட்டா செய்யலாமா?

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பேடாக் ஸ்டாண்ட் பிடிப்பது ஸ்விங் ஆர்மை. சக்கரம் தரையை விட்டு எழும்பும், சரி. ஆனால் வண்டியின் உடம்பு ஸ்விங் ஆர்ம் மேல் ஷாக் வழியாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது பதிலில் கேட்ட கேள்வியைக் கேளுங்கள்: பாரம் எதில் இருக்கிறது? இன்னும் ஷாக்கில்தான். ஒன்றைக் கழற்றினால் முழுப் பாரமும் மற்றொன்றுக்குப் போகும், போல்ட் இறுகிச் சிக்கும், சட்டென்று வண்டி தாழும்.

அந்த வண்டிகளுக்குப் பாரம் பிரேமுக்குப் போக வேண்டும். கம்பெனியே துணை உதிரிபாகமாகச் சென்டர் ஸ்டாண்ட் தருகிறதென்றால் அதை மாட்டிக்கொள்வதுதான் நல்ல வழி. இல்லையென்றால் பட்டறைக்கே போங்கள். இன்ஜினுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கலாம் என்று சொல்வார்கள். ஆயில் போல்ட் மேல் ஜாக்கி உட்கார்ந்து இன்ஜின் அடி விரிசல் விட்ட வண்டியைப் பார்த்திருக்கிறேன்.

வேப்பமரக் கிளையில கயிறு கட்டித் தூக்கினா?

சென்டர் ஸ்டாண்ட் போட்ட வண்டி சாயாமல் இருக்க, சீட்டுக்குப் பின்னால் உள்ள பிரேம் குழாயில் கயிறு கட்டி மேலே லேசாக இழுத்து வைப்பது நல்ல பாதுகாப்பு. நானும் அப்படிச் செய்வதுண்டு. ஆனால் அது துணைக்குத்தான். கிளையையே நம்பி வண்டியைத் தொங்கவிட்டு, அடியில் கையை விட்டு வேலை செய்யாதீர்கள். கைப்பிடிக் கம்பியிலும் கயிறு கட்டாதீர்கள், அதைத்தான் பாதி வேலையில் கழற்றப் போகிறோம்.

ஒத்தை ஷாக் வண்டியையும், ஸ்கூட்டியையும் இப்படியே செய்யலாமா?

மோனோஷாக் வண்டியில் ஒரு பக்கம் மாற்றி மறு பக்கம் என்ற வழியே கிடையாது. இருப்பது ஒன்றுதான், அதை எடுத்த உடனே ஸ்விங் ஆர்ம் விழும். அதோடு டேங்க், சீட், சில வண்டிகளில் லிங்க் எல்லாம் கழற்ற வேண்டும். பட்டறைக்குக் கொடுங்கள்.

ஸ்கூட்டர் இன்னும் ஏமாற்றும். சென்டர் ஸ்டாண்ட் இருக்கிறதே என்று நினைப்போம். பெரும்பாலான ஸ்கூட்டர்களில் அந்த ஸ்டாண்ட் இன்ஜினோடு சேர்ந்தது, பிரேமோடு இல்லை. ஸ்டாண்ட் போட்டாலும் உடம்பின் பாரம் அந்த ஒற்றை ஷாக்கில்தான். அதைக் கழற்றினால் சீட்டுப் பகுதி அப்படியே இறங்கி டயர் மேல் உட்காரும். பிரேமுக்குக் கீழே தனியாக முட்டு கொடுக்கத் தெரிந்தவர் மட்டும் கை வைக்கலாம்.

மாத்தியாச்சு. உடனே ஓசூர் வரைக்கும் போகலாமா?

முதலில் வண்டியில் உட்கார்ந்து பத்து முறை அழுத்தி எழும்புங்கள். படுத்த நிலையில் பெட்டிக்குள் கிடந்த ஷாக்கில் காற்று இடம் மாறியிருக்கும், அது சரியாகும். பிறகு ஊருக்குள் ஒரு சுற்று. வந்ததும் நான்கு நட்டையும் தொட்டுப் பாருங்கள். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒரு முறை. பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்திருக்கும், அதனால் ஹெட்லைட் வெளிச்சம் தாழ்ந்து பக்கத்திலேயே விழும். இரவில் சுவரில் அடித்துப் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

புது ஷாக் போட்டும் வளைவுல பின்பக்கம் ஆடுது. ஷாக் மோசமா?

பெரும்பாலும் ஷாக் மேல் குற்றம் இருக்காது. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து இடது வலதாக ஆட்டிப் பாருங்கள். சக்கரம் மட்டும் தனியாக ஆடினால் வீல் பேரிங். சக்கரத்தோடு ஸ்விங் ஆர்மும் சேர்ந்து ஆடினால் ஸ்விங் ஆர்ம் புஷ். பழைய ஷாக் துள்ளிய துள்ளலில் இது மறைந்திருக்கும், இப்போதுதான் வெளியே தெரிகிறது. ஸ்விங் ஆர்ம் புஷ்ஷை மாற்ற இரண்டு ஷாக்கையும் சக்கரத்தையும் எடுத்தாக வேண்டும், அதை வாசலில் செய்ய வேண்டாம். அந்த ஆட்டம் சரியாகும் வரை தொப்பூர் இறக்கத்திலோ வத்தல்மலை வளைவுகளிலோ அந்த வண்டியைக் கொண்டுபோகாதீர்கள்.